ஏன் மேடமும் பேசாத ஐந்து நிமிடமும்

அம்பலத்தே ஆடும் ஐயனே, தூக்கிய திருவடியின் அருள் தகுதியுடையார்க்கு ஆகுக. ஊன்றிய திருவடியின் நிழலில் இந்தக் கிழவனுக்குச் சற்றே இடம் தந்து, எடுத்த சொல் இடறாமல் முடியத் துணையிருப்பாயாக.

இன்று கார்த்திகைச் சோமவாரம்; பிரதோஷமும் உடன்கூடிய நன்னாள். இத்தகைய நாளில் நல்லவரையே நினைக்க வேண்டும், நல்லவரையே பேச வேண்டும் என்பது என் நெடுநாள் வழக்கம். கோயில் வரை நடக்க முழங்கால் இசையவில்லை. ஆட்டோக்காரர் இசைந்தாலும் ஓசூர் சாலை இசையாது. ஆகவே பொம்மனஹள்ளியில் மகன் வீட்டு அறையில் அமர்ந்தபடியே நல்லவர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். நல்லவர் என்று இப்போது சொல்கிறேனே தவிர, அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சொல் என் வாயில் வந்ததாக நினைவில்லை. பெருமூச்சுத்தான் வந்தது.

பெங்களூரில் 'ஏன்' என்ற சொல்லை மிகுதியாகச் செலவழித்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி நடக்கும். முதற்பரிசை எங்கள் 'ஏன் மேடம்' வீட்டுக்கே அனுப்பிவிடலாம். அனுப்பினால், "எனக்கு ஏன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார் என்பது வேறு விஷயம்.

நான் செவிலியர் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் "வேறு ஆள் கிடைக்கும் வரை" என்று நிர்வாகம் என்னை நிறுத்திவைத்திருந்தது. வேறு ஆளை யாரும் தேடவில்லை என்பதை நான் அறிவேன். தேடுங்கள் என்று நானும் நினைவூட்டவில்லை. அந்தக் கல்லூரியில் இளநிலை மாணவியருக்கு ஆராய்ச்சி முறை என்னும் பாடத்தை நடத்தி, அவர்களுடைய ஆய்வுகளுக்கு வழிகாட்டியவர்தான் ஏன் மேடம். காக்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீட்டில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவர்கள் தேவாலயத்துப் பாதிரியார் பக்கவாசல் வழியாகத்தான் வெளியேறுவார் என்று கேள்வி. முன்வாசலில் மேடம் நிற்பாராம், அன்றைய பிரசங்கத்தைப் பற்றிய 'ஏன்'களோடு.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. யாரைக் கண்டாலும் கைகுலுக்க மாட்டார், கும்பிடவும் மாட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, புடவையில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தவாறே, "சௌக்கியமா?" என்பார். நாம் சொல்லும் பதிலைக் காதில் வாங்க மாட்டார். நாடி சொல்லும் பதிலுக்குத்தான் மறுமொழி.

"சௌக்கியம்மா."

"நீங்க சொல்றீங்க. உங்க கை வேற சொல்லுதே ஐயா. காலைல யார்கூட சண்டை?"

மருமகளோடு நான் சண்டையிட்டது என் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியாது. அப்படி ஓசையில்லாமல் சண்டையிடும் குடும்பம் எங்களுடையது. மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. அன்றுமுதல் அவரைக் கண்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. அதைப் பணிவு என்று கல்லூரி நினைத்துக்கொண்டது.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். இளநிலைச் செவிலியர் படிப்பில் ஒவ்வொரு மாணவியும் ஏதேனும் ஓர் ஆய்வில் ஈடுபட்டாக வேண்டும். அந்த ஆய்வேடுகள் எல்லாம் என் அலமாரிக்குத்தான் வந்து சேரும். அவற்றுக்கு ஒரே தலைப்பு. 'தேர்ந்தெடுத்த மருத்துவமனையில், தேர்ந்தெடுத்த நோயாளிகளிடையே, இன்ன நோய் பற்றிய அறிவை வளர்ப்பதில் திட்டமிட்ட கற்பித்தலின் பயனை அறியும் ஆய்வு.' யாப்பு மாறாது. நோயின் பெயர் மட்டும் மாறும். சர்க்கரை நோய் போய் ரத்தசோகை வரும். ரத்தசோகை போய் மறுபடியும் சர்க்கரை நோயே பிறந்து வரும். பிறவிச் சுழலைப் பற்றி எத்தனையோ பதிகங்களில் ஓதியிருக்கிறேன். அதைக் கண்ணாரக் கண்டது அந்த அலமாரியில்தான்.

மேடம் வந்த முதல் மாதமே அந்த அலமாரியின் முன் நின்று மாணவியரிடம் சொன்னார்:

"முதல்ல கேள்வி கேக்கறீங்க. அப்புறம் பாடம் எடுக்கறீங்க. அப்புறம் அதே கேள்வியத் திரும்பக் கேக்கறீங்க. 'ஆஹா, அறிவு வளந்துடுச்சு'ன்னு எழுதறீங்க. எங்க வீட்டுக் கிளிகூட இதுல பாஸ் பண்ணிடும். ஏன் பண்றீங்க இத?"

ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "சீனியர்ஸ் பண்ணாங்க மேடம்."

"சீனியர்ஸ் ஏன் பண்ணாங்க?"

"அவங்க சீனியர்ஸ் பண்ணாங்க மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பி, "ஐயா, உங்க சாமிக்கு ஆதி கிடையாதுன்னு சொல்வீங்களே, இந்தத் தலைப்புக்கும் கிடையாது போல" என்றார். சிரிப்பதா, சிவநிந்தை என்று காதைப் பொத்துவதா என்று நான் தடுமாறினேன்.

பிறகு ஓர் ஆணை பிறந்தது. தலைப்பு எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மாணவியும் கல்லூரியை ஒட்டிய மருத்துவமனை வார்டில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஊசி போடக்கூடாது, படுக்கை விரிக்கக்கூடாது, செல்போனைத் தொடக்கூடாது. பார்க்க மட்டுமே வேண்டும். பார்த்துவிட்டு ஒரே ஒரு 'ஏன்' கொண்டுவர வேண்டும். வேலை செய்யாமல் நிற்பது எத்தனை கொடிய தண்டனை என்று அப்போதுதான் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி, "ஏன் மேடம் அந்த வார்டுல எல்லாரும் கால் பக்கம் தலைய வெச்சுப் படுக்கறாங்க?" என்று வியப்போடு ஓடிவந்தாள். மேடமும் ஆவலோடு எழுந்து போய்ப் பார்த்தார். மின்விசிறி அந்தப் பக்கம்தான் சுழன்றது.

செல்வி என்ற மாணவி கொண்டுவந்த 'ஏன்' வேறு வகையானது. பொம்மனஹள்ளிப் பெண். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை.

"ஏன் மேடம், ஓ.பி.க்குள்ள வந்த உடனே எல்லாருக்கும் பிரஷர் பாக்கறோம்? மாடி ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க. புக்ல அஞ்சு நிமிஷம் அமைதியா உக்கார வெச்சுப் பாக்கணும்னு போட்டிருக்கே."

மேடம் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பயந்துகிட்டே கேக்கற. ஆனா நல்லாக் கேக்கற" என்றார்.

அப்படித் தொடங்கியது அந்த ஆய்வு. வந்தவுடன் ஒருமுறை அளப்பது, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மறுமுறை அளப்பது, இரண்டுக்கும் வேறுபாடு காண்பது. கேட்க எளிது. அளந்து பழக ஒரு கை வேண்டுமே. அது என் கை. வகுப்பில் எத்தனை மாணவியரோ அத்தனை பேரும் என் இடக்கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றிப் பழகினார்கள். காற்றடித்து இறுக்கிவிட்டு, "ஐயா, வலிக்குதா?" என்பார்கள். வலிக்கிறது என்றால் இன்னொரு முறை அளப்பார்கள். இல்லை என்றாலும் இன்னொரு முறை அளப்பார்கள்.

செல்விக்கு இந்த ஆய்வு வெறும் மதிப்பெண்ணுக்காக அன்று. நகரின் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று, இளநிலைச் செவிலிய மாணவியரில் கல்லூரிக்கு ஒருவரை விடுமுறை முழுவதும் தேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் கீழ் வைத்து வழிகாட்ட முன்வந்திருந்தது. ஒரே ஓர் இடம். யாரை அனுப்புவது என்பதை அவரவர் ஆய்வைப் பார்த்து முதல்வர் முடிவு செய்வார்.

"அந்த சீட் கெடச்சா மேல படிக்க வைக்கறேன்னு அம்மா சொல்லிருக்காங்க ஐயா. இல்லன்னா கல்ஃப் வேலைக்கு ஏஜென்ட் ரெடியா இருக்கார். பாஸ்போர்ட்கூட எடுத்தாச்சு" என்று என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டபோது என் ரத்த அழுத்தம்தான் ஏறியது.

ஆய்வு முடியும் தறுவாயில் ஒருநாள் செல்வி அழுத கண்களோடு நூலகத்துக்கு வந்தாள். ஐந்து நிமிட அமைதிக்குப் பின் அழுத்தம் குறைய வேண்டும் என்கிறது நூல். அவள் அளந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது குறையவே இல்லை. சிலருக்கு ஏறியும் இருந்தது. கருவி பழுதோ என்று மாற்றிப் பார்த்துவிட்டாள். தன் காது பழுதோ என்று காது மருத்துவரிடமும் போய்வந்துவிட்டாள். "உங்களுக்குப் பாக்கறேன் ஐயா, பேசாம உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நேரம் ஆயிற்று. அளந்தாள். ஏறியிருந்தது.

அப்போது மேடம் உள்ளே வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"ஐயா, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"நான் யாரிடமும் பேசவில்லையே அம்மா."

"உதடு ஆடுதே."

"அது பேச்சன்று. திருநாமம்."

"சத்தம் வருதே, முணுமுணுன்னு."

"நாமத்தைச் சத்தமில்லாமல் சொல்ல எனக்குப் பயிற்சி போதாது. ஆனாலும் அது பேச்சில் சேராது."

மேடம் தலைக்கவசத்தோடு நாற்காலியில் சாய்ந்து, என் நூலகத்தில் அதுவரை யாரும் சிரிக்காத அளவுக்குச் சிரித்தார். பிறகு செல்வியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓ.பி.க்கு ஓடினார். ஏனோ என்னையும் வரச் சொன்னார். சான்றுப் பொருளாக இருக்கலாம்.

அங்கே நீள் இருக்கையில் நோயாளிகள் வரிசையாக 'அமைதியாக' அமர்ந்திருந்தார்கள். ஓர் அம்மையார் செபமாலை உருட்டினார். அவருக்கு அடுத்திருந்த இஸ்லாமியர் தஸ்பீஹ் மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். நெற்றியில் நீறணிந்த பெரியவர் என்னைப் போலவே உதடசைத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் பேசாமல் உட்கார் என்று சொன்னால், அதைக் கடவுளிடம் பேசக் கிடைத்த நேரமாகத்தானே எங்கள் ஊரார் எடுத்துக்கொள்வார்கள்! ஒரே ஒரு பெண்மணி மட்டும் இறைவனைச் சொல்லவில்லை. செல்வி காது கொடுத்துக் கேட்டாள். அவர் தம் மருமகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் இடைவிடாத பாராயணம்தான்.

"ஆன்ட்டி, பேச வேணாம்னு சொன்னேனே" என்றாள் செல்வி.

"நான் எங்கம்மா பேசினேன்? ஜபம் பண்ணிட்டிருக்கேன். அது பேச்சா?" என்றார் செபமாலைக்காரர்.

மேடத்துக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. "இதனாலதான் ஏறுதுன்னு நாம நிரூபிக்கல. அத எழுதக்கூடாது. ஆனா நாம 'அமைதி'ன்னு எழுதினது அமைதியே இல்ல. இத எழுது செல்வி. எந்தப் புக்லயும் இல்ல இது" என்றார்.

இவ்வளவு மகிழ்ச்சியைச் செல்வியோடு முதல்வர் அறைக்குள் கொண்டுபோனது அவர் செய்த பிழை. முதல்வர் நல்ல மனிதர். இந்த நகரத்தில் பேருந்தில் இடம் கேட்பவர் முதல் வீட்டுக்குக் கடைக்கால் போடுபவர் வரை எல்லாரும் சொல்லும் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்னும் மூன்று சொல் மந்திரத்தில் அசையாத நம்பிக்கை உடையவர். கொஞ்சம் அனுசரித்துப் போ என்பது அதன் பொருள். கோப்பு ஒன்றில் கையெழுத்து வாங்கப் போன நானும் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"நோடி, பாருங்க மேடம், வித்தியாசம் வரலன்னா அது ரிசல்ட்டா? ஜபம் பண்ணவங்கள லிஸ்ட்லேந்து எடுத்துடுங்க. மீதிப் பேருக்கு நல்லா வரும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணா இந்தப் பொண்ணுக்கே சீட்."

"ஏன் சார் எடுக்கணும்?"

"சீட்டுக்காக!"

"அவங்க பேஷண்ட் இல்லையா?"

"பேஷண்ட்தான்."

"அவங்களுக்கு பிரஷர் இல்லையா?"

"மேடம், எனக்கு இருக்கு. இப்ப ஏறுது."

மேடம் பழக்கதோஷத்தால் அவர் மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினார். முதல்வர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

வெளியே நடைவழியில் செல்வி நின்றுவிட்டாள். அதுவரை ஏன் மேடத்தை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், உங்களுக்கு உண்மை வேணும். எனக்கு சீட் வேணும். நீங்க ஸ்கூட்டர எடுத்துட்டு காக்ஸ் டவுன் போயிடுவீங்க. நான் எங்க போவேன்?"

மேடம் 'ஏன்' என்று கேட்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டும் வேணும்னு ஆசப்படறது தப்பில்லடா. ரெண்டும் கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். உன் பேர்ல போற பேப்பர். நீ எழுது. எத எழுதினாலும் சனிக்கிழம நான் உனக்காக லைப்ரரில உக்காந்திருப்பேன்."

செல்வி இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். செபமாலை, தஸ்பீஹ், திருநீறு, மருமகள் எல்லாம் அதில் இருந்தன. அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. கதையாக இருந்தால் கிடைத்திருக்கும். கை கழுவுதல் பற்றிய அறிவை வளர்ப்பதில் திட்டமிட்ட கற்பித்தலின் பயனை ஆராய்ந்த வேறொரு மாணவிக்குப் போயிற்று.

அந்த வாரமே மேடம் என் முன் வந்து நின்றார். "ஐயா, செல்வி வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க. பெரியவங்க வந்தா அவங்க அம்மா திட்ட மாட்டாங்க." மறுக்க வாய் திறப்பதற்குள் என்னை ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏற்றிவிட்டார். சில்க் போர்டு சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே புகுந்து அவர் வண்டி ஓட்டிய விதத்தில், ஆயுளில் நான் சொல்ல வேண்டிய திருநாமம் அனைத்தையும் ஒரே மாலையில் சொல்லி முடித்தேன். முன்னிருந்து குரல் வந்தது: "ஐயா, இப்ப நிறுத்தாதீங்க. இந்த ரோட்டுக்கு அது வேணும்."

செல்வியின் தாய் திட்டத்தான் செய்தார். "பொய் எழுதச் சொல்லல மேடம். ஆனா மத்தவங்கல்லாம் எழுதறாங்களே! என் பொண்ணு மட்டும் ஏன்?"

மேடத்திடமே ஒருவர் 'ஏன்' என்று கேட்டுவிட்டார். மேடம் திருதிருவென்று விழித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"தெரியலங்க" என்றார் கடைசியில். "ஆனா சனிக்கிழம சனிக்கிழம நானே சொல்லித் தர்றேன். ஒரு வருஷம் குடுங்க."

தாய் மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஒரு வருஷம்தான். அதுக்கு மேல ஏஜென்ட் நிக்க மாட்டார்" என்று சொல்லிக் காபி வைக்க எழுந்தார்.

அதன் பின் சனிக்கிழமைகளில் என் நூலக மேசைதான் ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. தொடக்கத்தில் செல்வி மட்டும் வந்தாள். பிறகு அவளைப் பார்த்துச் சிலர் வந்தார்கள். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாலைப் பூசை செய்யக் காத்திருக்கும் கிழவனைப் பற்றி யாரும் 'ஏன்' கேட்கவில்லை. பேசாதே என்று சொல்வதால் ஆகாது, ஜபம் முடியும்வரை காத்திருந்து அளந்தால் என்ன என்று செல்வி ஒரு சனிக்கிழமை கேட்டாள். அப்படியே அளந்தார்கள். முதலில் என் இடக்கையில். இப்போது நான் அதை எதிர்பார்த்தே சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பேன். ஆண்டு முடிவதற்குள் அந்த ஆய்வேட்டைக் காட்டி, செல்வி முதுநிலைப் படிப்பில் இடம் பெற்றாள். ஏஜென்ட் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

மேடம் ஓய்வு பெற்றார். எனக்கும் ஒரு வழியாக 'வேறு ஆள்' கிடைத்தார். காக்ஸ் டவுனுக்கும் பொம்மனஹள்ளிக்கும் இடையே இந்நாளில் ஒரு யுகம் கிடக்கிறது. அதைக் கடந்துபோய் அவரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை; அவரும் இப்போது ஸ்கூட்டர் ஓட்டுவதில்லையாம். தொலைபேசியில் மணிக்கட்டைப் பிடிக்க முடியாததால் அவர் அதிகம் பேசுவதுமில்லை.

இன்று காலை இங்குள்ள சிறிய கிளினிக்குக்குப் போயிருந்தேன். முன்பின் அறியாத இளம் செவிலியர் என் கையில் பட்டையைச் சுற்றினார். பிரதோஷ நாள் அல்லவா, உதடு தானாக அசைந்தது. அவர் காற்றடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாத்தா, சாமி கும்பிட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல. அப்புறம் அளக்கறேன்."

நாமத்தைப் பாதியில் நிறுத்தினேன். "இதை யாரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"காலேஜ்ல எங்க செல்வி மிஸ்."

"அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார் தெரியுமா?"

"தெரியாது தாத்தா." பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "ஏன்?"

கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து திருநாமத்தைத் தொடர்ந்து, நிறைவில் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டேன். எந்தப் பாசுரத்திலும் எந்தப் பதிகத்திலும் இல்லாத பெயர் அது. பிறகு, "முடிந்தது அம்மா" என்று கையை நீட்டினேன்.

இதைப் படித்தவர் அனைவரும் நோயின்றி, நெஞ்சில் சலனமின்றி நெடிது வாழ்க. பதிலை நம் வாயில் கேளாமல் நாடியில் கேட்டுக்கொண்டு, "சௌக்கியமா?" என்று கேட்கும் ஒரு கை உங்கள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பதாக.